எனக்காகச் செபமாலை சொன்ன சகோதரிகளுக்கு

அன்புள்ள மரியாயின் சேனைச் சகோதரிகளுக்கு,

செபிப்பதையும் மக்களைப் போய்ச் சந்திப்பதையும் பணியாகக் கொண்ட நம் கத்தோலிக்க அமைப்பின் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. எல்லாரும் படிக்கும்படி எழுத ஒரு காரணம் உண்டு. என்னைப்போலவே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, கோயில் பக்கம் போகவே மனம் வராமல் இருக்கும் யாராவது ஒருத்தி கண்ணில் இது படலாம்.

என் மகள் பிறக்கும்போதே உயிர் இல்லை. அந்த வேதனையோடு, “ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை மோட்சம் போகாது” என்று உறவில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனது வேறு. உண்மையில் அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போதுதான் நீங்கள் இருவர் வந்தீர்கள். சேனையில் இருவராகத்தான் சந்திக்கப் போவார்கள், பொருளுதவி எதுவும் செய்யக்கூடாது என்பது விதி, இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு வந்தவர்கள் நீங்கள் மட்டும்தான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. எதையும் வாங்கிக்கொண்டு முகத்தில் சிரிப்பை வரவழைக்க வேண்டியிருக்கவில்லை.

“எல்லாம் கடவுள் சித்தம்” என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு நன்றி. மூத்த அக்கா, “பாப்பாவுக்கு என்ன பேர் வச்சிருந்தீங்க?” என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்குச் செபிக்க வரவில்லை, கடவுள்மேல் கோபமாக இருக்கிறது என்றேன். “சரி, நாங்க சொல்றோம், நீ சும்மா உட்காரு” என்று செபமாலையைத் தொடங்கிவிட்டீர்கள். இன்னொரு நாள் யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து, சகோதரனைப் பறிகொடுத்த மார்த்தா, ‘நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டானே’ என்று இயேசுவிடம் நேராகவே கேட்டதைக் காட்டினீர்கள். 88ஆம் திருப்பாடலையும் வாசித்தீர்கள். ஆறுதலாக ஒரு வரிகூட வராமல், இருளிலேயே முடிகிற பாடல் அது. விவிலியத்தில் அதற்கும் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் வாயிலிருந்து செபம் என்று ஏதோ வந்தது. பாதிக்கு மேல் சண்டைதான்.

என்னைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போனதும் நீங்கள்தான். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாமல் இறந்த குழந்தைகள் மோட்சம் போகாமல் தங்கும் நிலை என்று சொல்லப்பட்ட ‘லிம்போ’ என்பதைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். திருமுழுக்கு பெறாமல் இறக்கும் குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்று மறைக்கல்வி நூலில் 1261ஆம் பத்தியைக் காட்டினார். அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் எழுதியதையும் சொன்னார். “நிச்சயம் என்று அடித்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நம்புவதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பெற்றோர் திருமுழுக்கு கொடுக்க எண்ணியிருந்தால், அப்படிப்பட்ட குழந்தைக்கும் ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாமாம். முன்பே தெரியாமல் போய்விட்டது. அவளுக்காக ஒப்புக்கொடுத்த திருப்பலிக்கு நீங்கள் அத்தனை பேரும் வந்து நின்றீர்கள்.

தூக்கம் வரவில்லை என்றதும் “செபமும் வேணும், டாக்டரும் வேணும்” என்று என்னை விரட்டிய அக்காவுக்கும் நன்றி. செபத்தை மருந்துக்குப் போட்டியாக நிறுத்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், என்னைச் சேனையில் சேர்த்து வாரம் இரண்டு மணி நேர வேலையைத் தலையில் கட்டினீர்கள்! படுக்கையில் இருந்த ஒரு பாட்டியைப் பார்க்க அனுப்பினீர்கள். பாட்டிக்கு என் கதை தெரியாது. தாமதமாக வந்ததற்குத் திட்டினார், தலையணையைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்று அதற்கும் திட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு, அங்கே நான் ‘பிள்ளையை இழந்தவள்’ இல்லை, வேலை தெரியாத ஒரு பெண், அவ்வளவுதான். 1921இல் டப்ளினில் சேனை தொடங்கியபோது முதல் பணியே மருத்துவமனை நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால் யாருக்கு அதிக நன்மை, போனவர்களுக்கா படுத்திருந்தவர்களுக்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கடைசியாக, துணை உறுப்பினர்களே, கூட்டத்துக்கு வராமல் வீட்டிலிருந்தே தினமும் செபமாலை சொல்லும் உங்கள் பெயர்கள்கூட எனக்குத் தெரியாது. நான் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாமல் கிடந்த நாட்களிலும் நீங்கள் நிறுத்தவில்லை. உங்களுக்கும் நன்றி.

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க!

உங்கள் சகோதரி