தோள்பட்டை ஆபரேஷனுக்கு முன்னால்

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் வந்தது. திருமங்கலத்தில் எல்லாரும் நலம், சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலவென்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோள்மூட்டை மாற்றச் சொன்னார்கள், நரம்பு போய்விடும் என்று யாரோ சொன்னதால் வேண்டாமென்று விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி தூக்கம் கெடுகிற வலியை வைத்துக்கொண்டு அப்படி முடிவெடுக்காதே.

எங்கள் மதினிக்கு ஆடியில் ரிவர்ஸ் மூட்டு வைத்தார்கள், பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. தசைநார் கிழிந்துபோனவர்களுக்கு அதுதான். அப்புறம் கையைத் தூக்கும் பாரம் முழுக்க தோளை மூடியிருக்கிற டெல்டாய்டு தசை மேல் விழுகிறது, அந்தத் தசைக்குப் போகிற ஆக்ஸிலரி நரம்போ மூட்டுக்கு அடியிலேயே ஒட்டினாற்போல ஓடுகிறது. அது அறுபடுவது அபூர்வம். சதையை விலக்கிப் பிடிக்கும்போதும் கையைத் திருப்பும்போதும் இழுபடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. ரிவர்ஸில் கை கொஞ்சம் நீள்வதும் சேர்ந்துகொள்ளும்.

மதினிக்கும் அதுதான். கழுத்தில் போட்ட மரப்பு ஊசி தெளிந்து விரலெல்லாம் அசைந்த பிறகும், தோளின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தொட்டால் உறைக்கவில்லை. தானாகச் சரியாகும் என்று வாயைத் திறக்கவில்லை. பிசியோதெரபி பெண்தான், முழங்கையைப் பக்கவாட்டில் சுவரோடு அழுத்தச் சொல்லி, தோளில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள்: தசை இறுகவே இல்லை. சில வாரம் கழித்து நரம்புச் சோதனை செய்தார்கள், அறுபடவில்லை. கார்த்திகைக்கு மாடத்தில் அவர்களே கையை உயர்த்தி விளக்கு வைத்தார்கள்.

நூற்றில் சிலருக்குத்தான் இப்படி வருகிறது, அதிலும் பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் திரும்பிவிடுகிறது. நரம்பின் உள்ளிழை சேதமானால் ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், அதனால் பொறுமை வேண்டும்.

ஆனால் உனக்குச் சர்க்கரை இருக்கிறது, விரல்நுனி மதமதவென்று இருப்பதாகப் போனதடவை சொன்னாய். அதை டாக்டரிடம் மறைக்காதே. ஏற்கெனவே நொந்த நரம்பு இழுப்பைத் தாங்காது. அதே தோளில் தகடு வைத்ததையும் சொல், பழைய தழும்புக்குள் நரம்பு இடம் மாறி ஒட்டிக்கிடக்கலாம். டெல்டாய்டு பலத்தையும் தொடுவுணர்வையும் ஆபரேஷனுக்கு முன்பே பார்த்து ஃபைலில் எழுதச் சொல். அப்போதுதான் பிறகு ஒப்பிட முடியும்.

தேதி முடிவானதும் போன் பண்ணு. ராத்திரித் துணைக்கு நான் வந்து படுத்துக்கொள்கிறேன், தங்கச்சியைத் தனியாக அலையவிடாதே.

அன்புடன்,
முத்து