நெல்லைச் சீமை ஓட்டல் பார் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் பார் வசதியோடு ஓட்டல் நடத்தும் உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பார்டெண்டரையும் ஒரு தொழில்காரராக மதியுங்கள்.

நம் ஊரில் பரோட்டா மாஸ்டர் கடை மாறினால் தெருவுக்கே தெரிந்துவிடும். வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள். பார்டெண்டர் மாறினால் உங்கள் கல்லாவில் இருப்பவருக்குக்கூட உறைக்காது. "அளந்து ஊத்துறதுக்கு எதுக்கு அண்ணாச்சி தனியா படிச்ச ஆளு?" என்று உங்களில் ஒருவரே என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது.

டைகிரி என்று ஒரு காக்டெயில், அதாவது கலப்பு மது, கியூபாவில் பிறந்தது. வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, சர்க்கரைப் பாகு அதைவிடவும் குறைவு. அவ்வளவுதான். மூன்றே சாமான் என்பதால் ஒன்று பிசகினாலும் மறைக்க வழியில்லை. நல்ல பார்டெண்டர் இதைப் போடும்போது கிட்டே நின்று பாருங்கள். எலுமிச்சையைக் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிய மாட்டார், பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். ஒரு பழத்தின் புளிப்பு இன்னொன்றில் இருக்காது. அதனால் ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாகைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். அப்புறம் ஷேக்கர் என்ற மூடிபோட்ட ஸ்டீல் குவளை நிறைய ஐஸ் போட்டு பத்துப் பதினைந்து விநாடி ஓங்கிக் குலுக்குவார். ஸ்டீல் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும், பிடித்திருக்கும் கை மரத்துப்போகும்.

குலுக்கும்போது உருகும் ஐஸ்தான் ரம்மின் காரத்தை அடக்குகிறது. கிளாஸில் வந்து விழுவதில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் தண்ணீர். ஏற்கெனவே வாளியில் கிடந்து பாதி கரைந்த ஐஸைக் கொடுத்தால் எந்தக் கொம்பன் குலுக்கினாலும் சப்பென்றுதான் இருக்கும். ஐஸ் மெஷினைச் சரிபார்க்காமல் பையனைத் திட்டுவது என்ன நியாயம்?

எல்லாவற்றையும் குலுக்கவும் கூடாது. பழச்சாறு சேர்ந்தால் குலுக்கல். நெக்ரோனி போல மதுவகைகள் மட்டும் கலப்பதை நீளக் கரண்டியால் நிதானமாகக் கிண்ட வேண்டும், குலுக்கினால் காற்றுக்குமிழ் ஏறிக் கலங்கிவிடும். இதெல்லாம் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். நீங்கள் கேட்பது இரண்டு லார்ஜும் ஒரு சோடாவும் என்பதால் கற்றதைக் காட்ட வழியில்லாமல் சென்னைக்கோ துபாய்க்கோ கிளம்பிவிடுகிறார்கள்.

சில்லறை மதுவிற்பனை 2003லிருந்து டாஸ்மாக் வசம். அந்தக் கடைகளில் கலக்கிக் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. அதனால் இந்தக் கைவேலைக்கு நம் பக்கம் இருக்கும் ஒரே இடம் உங்கள் கவுண்டர்தான். அங்கேயும் பாட்டிலில் அடைத்த எலுமிச்சைச் சாறு! புளியங்குடியில் மூட்டை மூட்டையாக எலுமிச்சை ஏலம் போகிறது. அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ரசாயன வாடை அடிக்கும் சாற்றைக் குடிக்க நமக்கென்ன தலையெழுத்து?

உடன்குடிக் கருப்பட்டியையும் யாரும் தொடுவதில்லை. தட்டிப்போட்டுக் காய்ச்சி, அடியில் மண் தங்கும் என்பதால் இறுத்து எடுத்த பாகு, கறுப்பு ரம்மோடும் எலுமிச்சையோடும் அப்படிப் பொருந்தும். சுக்குக் கருப்பட்டியாக இருந்தால் இன்னும் விசேஷம். நன்னாரியும் இருக்கிறது. குடிக்காதவருக்கு அதே ஷேக்கரில் ரம் இல்லாமல் போட்டுக் கொடுக்கலாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் அதற்கும் காசு கொடுப்பார்கள்.

லண்டன் சவாய் ஓட்டல் பாரில் 1903ல் சேர்ந்த ஏடா கோல்மன் என்ற பெண், ஒரு நடிகருக்காக 'ஹேங்கி பேங்கி' என்ற காக்டெயிலை உண்டாக்கினார். இன்றைக்கும் அதைச் சொல்கிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். உங்கள் மெனு கார்டில் ஓட்டல் பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறது. கீழே ஒரு ஓரத்தில் பார்டெண்டர் பெயரையும் போட்டால் அச்சுக்கூலி ஏறிவிடாது.

இன்னொன்று. நல்ல பார்டெண்டர், "இன்னைக்குப் போதும் அண்ணாச்சி, தண்ணி தாரேன், ஆட்டோ சொல்லட்டுமா?" என்று கேட்கத் தெரிந்தவர். கேட்டால் சில பெரிய மனுஷர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், நேரே உங்களுக்குத்தான் போன் போடுவார்கள். அப்போது பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள்.

ஜூனில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும், கூட்டமும் வரும். அதற்குள் ஒரு மூட்டை எலுமிச்சை, நல்ல ஐஸ், இரண்டு ஷேக்கர் வாங்கிக் கொடுத்து, உங்கள் பிள்ளைகளை ஆளுக்கொரு காக்டெயில் போடச் சொல்லுங்கள். முதல் கிளாஸை நீங்களே குடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கவுண்டர் ஓரத்து ஸ்டூல்காரன்