பெட்டியில் அச்சிட்ட டார்க் எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளியான கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் (அடி கொடுத்து நட்டை இறுக்கவும் கழற்றவும் செய்யும் பேட்டரிக் கருவி) ஒப்பீட்டைப் படித்தோம். கருவிகளை அதிகபட்ச டார்க் (திருப்புவிசை) எண்ணை மட்டும் வைத்து மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தியிருந்தீர்கள். எப்போதாவது சக்கரம் மாற்றும் வாசகருக்கு அது போதும். நாள் முழுக்கக் கருவியைக் கையில் பிடிக்கிற மெக்கானிக்குக்கு அந்த வரிசை உதவாது. பல நேரம் தவறான கருவியையே வாங்க வைத்துவிடும்.

அந்த எண்ணிலிருந்தே தொடங்குவோம். ஒரே கருவிக்கு நிறுவனங்கள் இரண்டு டார்க் எண்கள் தருகின்றன: இறுக்கும்போது கிடைப்பது ஒன்று, கழற்றும்போது கிடைப்பது இன்னொன்று. மகீட்டா டிடிடபிள்யூ 1002-க்கு இறுக்க 1000 நியூட்டன் மீட்டர், கழற்ற 1600. பாஷ் ஜிடிஎஸ் 18வி-1000-க்கும் இதே இரண்டு எண்கள்தான். டிவால்ட் டிசிஎஃப் 899-க்கு முறையே 950, 1625. ஒரு கருவியின் கழற்றும் எண்ணை இன்னொன்றின் இறுக்கும் எண்ணோடு பக்கத்தில் வைத்தால், ஏறத்தாழ ஒரே பலமுள்ள இரண்டில் ஒன்று மலையாகவும் மற்றது மடுவாகவும் தெரியும். தங்கள் பட்டியலில் எந்த எண் எது என்ற குறிப்பே இல்லை. போதாததற்குச் சில நிறுவனங்கள் அடி-பவுண்டில் எழுதுகின்றன, அதை 1.356-ஆல் பெருக்கினால்தான் நியூட்டன் மீட்டர் வரும்.

கழற்றும் எண் என்பது பெரும்பாலும் 'இவ்வளவு டார்க்கில் இறுக்கிய நட்டை இது கழற்றியது' என்ற பொருளில் தரப்படுவது. சுத்தமான மரையில், இறுக்கிய டார்க்கைவிடக் குறைவான டார்க்கிலேயே நட் அவிழும். காரணம், மரையின் சரிவு கழற்றும் திசைக்குத் துணை நிற்கிறது. துருப்பிடித்த சஸ்பென்ஷன் போல்ட்டில் நிலைமை தலைகீழ்: 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கியது 400 கொடுத்தாலும் அசையாமல் நிற்கும். ஆய்வு மேடையில் சுத்தமான போல்ட்டில் எடுத்த எண் இந்த வேலைக்கு எந்த உறுதியும் தராது.

கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும். மோட்டார் நட்டை நேரடியாகத் திருகுவதில்லை. ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டுகளும் தாங்கும் ஒரு சுத்தியல் பின்னால் விலகி, விடுபட்டு, சுழன்றபடியே ஆன்வில்லை, அதாவது சாக்கெட் (நட்டைக் கவ்வும் குப்பி) மாட்டும் தண்டை, அடிக்கிறது. கையில் திருப்புவிசை திரும்பி வராததற்கும் இதுவே காரணம். ஆக, கணக்கில் வருபவை ஒவ்வொரு அடியின் ஆற்றலும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதும். கனமான சுத்தியல் குறைந்த அடிகளில் முரட்டு போல்ட்டை அசைக்கும். இலேசான சுத்தியல் வேகமாக அடித்தாலும், ஒவ்வோர் அடியும் போல்ட்டின் உராய்வைத் தாண்டாவிட்டால் நூறு அடித்தாலும் ஒன்றுதான். பத்து விநாடி அடித்தும் நட் அசையவில்லையென்றால் தொடர்ந்து அடிப்பதில் பயனில்லை. கருவியும் பேட்டரியும் சூடாவதுதான் மிச்சம். நிறுத்தி, ஊடுருவும் எண்ணெய் ஊற்றிக் காத்திருக்க வேண்டும், அல்லது நட்டைச் சூடாக்க வேண்டும். சில சமயம் ஒரு விநாடி இறுக்கும் திசையில் அடித்துவிட்டுக் கழற்றினால் துருப்பிணைப்பு விடும்.

அந்த அடி நட்டைச் சேரும் வழியிலும் நிறைய இழப்பு உண்டு. கருவிக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் மாட்டும் 250 மில்லிமீட்டர் நீட்டுக்கம்பி (எக்ஸ்டென்ஷன்) முறுக்கு ஸ்பிரிங்காக மாறி ஒவ்வோர் அடியிலும் ஒரு பங்கை விழுங்கும். வளைந்து திரும்பும் யூனிவர்சல் ஜாயின்ட் இணைப்பும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். இப்படிக் கோத்த பிறகு, 1000 எண் போட்ட கருவி அசைக்காத நட்டை, பாதி எண் போட்ட கருவி நேரடியாக ஒரு குட்டைச் சாக்கெட்டோடு கழற்றிவிடும். அதனால்தான் தலையின் நீளம் முக்கியம். சக்கர வளைவுக்குள், சப்ஃப்ரேமுக்கும் கன்ட்ரோல் ஆர்முக்கும் இடையில், இரண்டு சென்டிமீட்டர் குட்டையான கருவி எக்ஸ்டென்ஷன் இல்லாமல் உள்ளே போகும். தங்கள் ஒப்பீட்டில் தலை நீளத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை.

பேட்டரி விஷயத்தில் ஒரு விளக்கம் அவசியம். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதியவை ஒரே வகைதான்; இரண்டிலும் தொடராக ஐந்து லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20. பலத்தில் உண்மையான வித்தியாசத்தைக் கொண்டுவருவது செல்களின் எண்ணிக்கையும் அளவும். 2 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) பேக்கில் ஒற்றை வரிசையாக ஐந்து செல்கள். வழக்கமான 5 ஆம்பியர்-மணி பேக்கில் பத்து, இரண்டிரண்டாக இணையாக. முரட்டு நட்டில் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும்போது ஐந்து செல் பேக்கின் வோல்டேஜ் சரிகிறது, அடியும் தளர்கிறது. ஒரு கருவியைச் சிறிய பேக்கோடும் இன்னொன்றைப் பெரிய பேக்கோடும் சோதித்தால், ஒப்பிட்டது ரெஞ்சுகளை அல்ல, பேட்டரிகளை. குறைந்தபட்சம் இரண்டையும் ஒரே ஆம்பியர்-மணி பேக்கில், முழு சார்ஜில் ஒரு முறை, பாதி சார்ஜில் ஒரு முறை சோதித்திருக்க வேண்டும்.

இனி இறுக்கும் வேலை. பெரும்பாலான கார்களின் சக்கர நட்டுக்குத் தேவை ஏறத்தாழ 100 முதல் 140 நியூட்டன் மீட்டர். 1000 தரும் கருவி அந்த அளவைக் கண்மூடித் திறக்கும் நேரத்தில் தாண்டிவிடும். விளைவு: ஸ்டட் (நட் ஏறும் மரைத் தண்டு) நீண்டு மரை கெடும், நட்டுகள் ஏற்றத்தாழ்வாக இறுகி டிஸ்க் கோணலாகும், பிரேக் பெடல் துடிக்கும், அடுத்த முறை சாலையோரத்தில் சக்கரம் கழற்றுபவரால் நட்டை அசைக்கவே முடியாது. சரியான முறை: நட்டைக் கையால் மூன்று நான்கு சுற்று பிடிக்கவைத்து, கருவியின் மிகக் குறைந்த வேகத்தில் ஒட்டும் வரை மட்டும் ஓட்டி, சக்கரம் தரையில் பட்டதும் நட்சத்திர வரிசையில் (எதிரெதிர் நட்டுகளாக மாறி மாறி) டார்க் அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபார்ப்பது. பல கருவிகளில் இப்போதுள்ள 'தானாக நிற்கும்' நிலையை டார்க் அளவென்று எண்ணக் கூடாது. அது அடிக்கத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்தில் மோட்டாரை நிறுத்துகிறது, அவ்வளவே. எண்ணெய் பட்ட மரையில் ஒரு டார்க், காய்ந்த மரையில் வேறொன்று. ஆனால் கழற்றும் திசையில் இது உண்மையிலேயே நல்ல வசதி: நட் தளர்ந்ததும் கருவி நின்றுவிடும், நட் பறந்து போய்த் தரையில் உருளாது. தொழில்முறைக் கருவியை மதிப்பிட இந்தக் குறைந்த வேகக் கட்டுப்பாட்டை நாங்கள் அதிகபட்ச டார்க்குக்கு மேலே வைப்போம்.

டிரைவ் அளவும், அதாவது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவும், இதையொட்டியதே. என்ஜின் பகுதி, பிராக்கெட்டுகள், உள் அலங்காரப் பாகங்கள் போன்றவற்றுக்கு 3/8 இஞ்ச் டிரைவுள்ள சிறிய கருவி. பேட்டரியோடு ஒன்றரைக் கிலோ அளவில் இருந்தால் கை களைக்காது. சக்கரம், காலிப்பர், சஸ்பென்ஷன் வேலைக்கு 1/2 இஞ்ச் நடுத்தர வகை. இறுக்கத்தில் 300 முதல் 700 வரை இருந்தால் கார் வேலையின் பெரும்பகுதியை முடித்துவிடும். மூன்று கிலோவைத் தாண்டும் அதிக டார்க் வகை ஆக்ஸில் நட், கிராங்க் புல்லி போல்ட் என்று எப்போதாவதுதான் கைக்கு வரும். கிராங்க் புல்லிக்கு இன்னும் பெரிய கருவியைத் தேடும் முன், அதற்கென்றே செய்த எடை கூடிய தடித்த சாக்கெட்டை மாட்டிப் பார்ப்பது நல்லது. லாரி, பஸ்ஸில் வரும் எம்22 (22 மில்லிமீட்டர் மரை) சக்கர நட்டுகள் பொதுவாக 600 முதல் 700 வரை இறுக்கப்படுபவை. அங்கே 1/2 இஞ்ச் ஆன்வில் நாளடைவில் முறியும். 3/4 இஞ்ச் அல்லது ஒரு இஞ்ச் டிரைவ்தான் சரி. நாள் முழுக்க அதே வேலையென்றால் கம்ப்ரஸரோடு ஏர் கன் (அழுத்தக் காற்றில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச்) இன்னும் மேல்.

தங்கள் கட்டுரை தொடாத ஒன்று அதிர்வு. கையேட்டில் அதிர்வு மதிப்பு மீட்டர்/விநாடி² என்று அச்சாகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44 எண் விதி எட்டு மணி நேர வேலைக்கு 2.5-ஐ நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவாகவும் 5-ஐத் தாண்டக்கூடாத அளவாகவும் வைக்கிறது. அதிர்வு இரட்டிப்பானால், எல்லையை எட்டும் நேரம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 15 எனக் குறித்த கருவியை ஒரு நாளில் ஏறத்தாழ 13 நிமிடம் அடிக்கவிட்டாலே முதல் எல்லை வந்துவிடும். 53 நிமிடத்தில் இரண்டாவது. 10 எனக் குறித்ததற்கு அதுவே அரை மணியும் இரண்டு மணியும். இது விசை அழுத்தியிருக்கும் நேரம்தான், முழு வேலை நேரம் அல்ல. ஆனாலும் டயர் வேலையில் அது வேகமாகச் சேரும். விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் ஒரு முறை வந்தால் முழுவதும் திரும்புவது அரிது. காதுப் பாதுகாப்பும் தேவை; உலோகக் கூடுபோன்ற சக்கர வளைவுக்குள் அடிக்கும்போது சத்தம் 85 டெசிபலை எளிதில் தாண்டும்.

கருவி எங்கே பழுதாகிறது என்பதையும் வாங்கும் முன் பார்க்கலாம். முதலில் தேய்வது ஆன்வில்லின் சதுர முனையும் அதைச் சுற்றிய வளையமும். வளையம் தளர்ந்தால் சாக்கெட் கழன்று விழும். அதைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். லிஃப்ட்டுக்கு அடியில் தலைக்கு மேல் வேலை செய்பவருக்கு வளையத்தைவிடச் சாக்கெட்டை ஊசியால் (pin) பூட்டும் வகை பாதுகாப்பு. ஆனால் சாக்கெட்டை அடிக்கடி மாற்றுபவருக்கு அது எரிச்சல். அடி பலவீனமாகி உலோகச் சத்தம் கூடினால் சுத்தியல் பகுதியின் கிரீஸ் காய்ந்திருக்கலாம். பிரித்து, தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை அளவோடு வைத்தால் பல நேரம் பழைய நிலைக்கு வரும். பிரேக் கிளீனரைக் கருவியின் மீது நேரடியாக அடித்தால் ரப்பர் பிடி ஊறி உரியும், பிளாஸ்டிக் கூட்டில் விரிசல் விழும். துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். பளபளக்கும் குரோம் சாக்கெட் கை ஸ்பேனருக்கானது, அடி தாங்காமல் தெறிக்கும். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட், அதிலும் ஆறுமுனை, மட்டுமே மாட்ட வேண்டும். பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) என்றால் தீப்பொறி வராது, பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். சுவிட்சும் பேட்டரி முனைகளும் பொறி தரக்கூடியவை. பெட்ரோல் டாங்க் இறக்கும் வேலையில் இவற்றை விலக்க வேண்டும்.

அடுத்த ஒப்பீட்டுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே அளவு போல்ட், ஒரே எண்ணெய், ஒரே சாக்கெட், ஒரே பேட்டரி அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவியாலும் ஐந்து விநாடி இறுக்கி, போல்ட்டில் உண்டான இழுவிசையை ஹைட்ராலிக் சோதனைக் கருவியில் அளந்து அச்சிடுங்கள். கொடுக்கும் டார்க்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போல்ட்டின் தலையிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடுவதால், டார்க்கைவிட இழுவிசையே உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய போல்ட் தேவை. ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் மரை தேய்ந்து கடைசியில் சோதித்த கருவிக்குப் பாதகமாகும். பிறகு அதே சோதனையை 150 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷனோடும் செய்து, தலை நீளம், பேட்டரியோடு எடை, அதிர்வு மதிப்பு, மிகக் குறைந்த வேகத்தில் எத்தனை நியூட்டன் மீட்டரில் நிறுத்த முடிந்தது ஆகிய நான்கையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பணிமனை மெக்கானிக்குகள்