கடல் பெட்டியில் முட்டை ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

புதிதாக வந்திருக்கும் கடல் பெட்டி என்ற பொம்மைத் தொகுப்பைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இரண்டு கேள்விகள் கேட்கிறீர்கள். பழைய பெட்டியில் இருந்த முட்டைகள் எங்கே? நீளக் கழுத்துக்காரர் ஏன் அன்னம் மாதிரித் தலையை நிமிர்த்தவில்லை? இரண்டுமே தெரிந்தே செய்த மாற்றங்கள்.

இந்தப் பெட்டியில் இருப்பவை டைனோசர்கள் அல்ல, அதே காலத்தில் கடலில் வாழ்ந்த வேறு ஊர்வன. மீன் வடிவ ஊர்வனவான இக்தியோசர் குட்டி போட்டது. ஜெர்மனியில் ஹோல்ஸ்மாடன் பாறைகளில், வயிற்றில் குட்டிகளோடு கல்லாகிப்போன தாய்கள் கிடைத்திருக்கின்றன. (நம் பக்கமும் இக்தியோசர் உண்டு. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாறைகளில் எடுத்த முதுகெலும்புகளுக்கு 1879-ல் ஆங்கிலேய அறிஞர் லிடெக்கர் இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்.) நான்கு துடுப்புள்ள பிளீசியோசரும் குட்டி போட்டதுதான். அமெரிக்காவின் கான்சஸில் தோண்டி எடுத்த பாலிகாட்டிலஸ் என்ற பிளீசியோசர் ஒன்றின் வயிற்றில் ஒரே ஒரு குட்டி இருந்ததாக 2011-ல் ஆய்வு வெளியானது. தாயின் நீளம் 4.7 மீட்டர், குட்டி ஏறக்குறைய 1.5 மீட்டர். அதனால்தான் முட்டைக்குப் பதில் குட்டி வந்திருக்கிறது. தாய்க்குப் பக்கத்தில் வைத்தால் குட்டி பெரிதாகத் தெரியும். அளவு சரிதான், கவலை வேண்டாம்.

அப்புறம் கழுத்து. நம் நீளக் கழுத்துக்காரரான எலாஸ்மோசாரஸ் என்ற பிளீசியோசருக்குக் கழுத்தில் மட்டும் 72 எலும்புகள், நமக்கு 7. அத்தனை இருந்தும் அவை நெருக்கமாக அடுக்கியவை, இஷ்டத்துக்கு வளையாது. அந்தப் பாரத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிப்பதும் நடக்கிற காரியமில்லை. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் கோப் இதன் கழுத்தையே வால் என்று எண்ணி, 1869-ல் வெளியிட்ட படத்தில் தலையை மறுமுனையில் வைத்துவிட்டார். ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை தலையை மாற்றி மாட்டினால் திட்டாதீர்கள், பெரிய ஆட்களே செய்ததுதான்.

மூன்றாவது பொம்மையான மோசசர், உடும்புக்குத் தூரத்துச் சொந்தம். அதில் வால் நுனித் துடுப்பைத் தவிர எதுவும் மாறவில்லை.

விலை பழையதுதான். பழைய பெட்டி வாங்கியவர்கள் குட்டியை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதன் துடுப்புகள் சின்னவை, வாயில் போடும் வயதுக் குழந்தைகள் இருந்தால் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து