நொச்சிப்பூ விழும் ஓசை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ராத்திரியில் தூக்கம் பிடிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதாகச் சொன்னாயே, அது மனதிலேயே நிற்கிறது. தூக்கம் வராதவர்களைப் பற்றிக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. 138ஆம் பாட்டு, கொல்லன் அழிசி பாடியது. ஐந்தே அடி.

“கொன்னூர் துஞ்சினும் யாம் துஞ்சலமே” என்று ஆரம்பிக்கிறது. ஊரே தூங்கிவிட்டது, நாங்கள் தூங்கவில்லை. வீட்டுப் பக்கத்து நொச்சியின் மெல்லிய கிளையிலிருந்து பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறாள் தோழி. முந்தின இரவு சந்திக்க முடியாமல் போன தலைவன் மறைவில் நிற்கிறான். அவன் காதில் விழட்டும் என்றுதான் சொல்கிறாள். ஆனால் கோபம், ஏக்கம் என்று ஒரு வார்த்தைகூடப் பாட்டில் கிடையாது.

நம் கொல்லை வேலியில் நிற்கிற அதே நொச்சிதான். உனக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்க ஒடிப்போமே. ஒரே காம்பில் மூன்றோ ஐந்தோ இலை விரிந்திருக்கும். மேலே கரும்பச்சை, அடியில் வெளுப்பு. அதைப் புலவர் “மயிலடி இலைய” என்கிறார். மயிலின் காலை உற்றுப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும். பூ நீலமாய், சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. அது விழுகிற சத்தம் கேட்கிறதென்றால் எப்படிப்பட்ட இரவு, எப்படிப்பட்ட காது! இத்தனை கவலைக்கு நடுவிலும் அவள் காது வெளியே போகிறதே, அந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைகிறது.

கபிலரின் 25ஆம் பாட்டும் அப்படித்தான். தலைவன் தன்னோடு சேர்ந்த நாளில் சாட்சி யாருமில்லை, ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு, அதாவது ஒரு நீர்ப்பறவை, மட்டும் இருந்தது என்கிறாள் ஒருத்தி. அவள் துக்கம் அந்தக் குருகுக்குத் தெரியாது. ஆனால் அதன் கால் தினைத்தாள் போல் இருந்தது அவளுக்கு மறக்கவில்லை.

பெங்களூரில் சாலையோரம் தூங்குமூஞ்சி மரங்கள் நிறைய உண்டே. பொழுது சாயும்போது இலைகளை மடித்துக்கொள்ளும். வேலை முடிந்து வரும்போது கொஞ்சம் நின்று பார். கண்ணில் பட்டதை நாலு வரி எழுது. எதுகை மோனையெல்லாம் வேண்டாம்.

உ.வே.சா. உரையோடு குறுந்தொகையைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முதலில் பாட்டை வாய்விட்டு ரெண்டு தடவை படி, உரையை அப்புறம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ எழுதினதை வாசித்துக் காட்டு. அப்பாவும் கேட்கணும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா