சித்தியைப் பூட்டி வைக்க வேண்டாம்

கலாத்தினா, இத்தாலி
ஜூலை 6

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வியிடம் சொல்லி நீ எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முந்தைய கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே பிரிசா என்று கல் மாதிரிக் காய்ந்த ரொட்டி உண்டு. தண்ணீரில் முக்கி, மேலே தக்காளியைப் பிழிந்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் விட்டால் ஆயிற்று. வெயிலுக்கு இதுதான் ஒத்துக்கொள்கிறது, அதனால் இரண்டு வேளையும் இதையே தின்கிறேன். ஆலிவ் மரங்கள் நோய் வந்து காடு காடாகப் பட்டுப்போய் நிற்கின்றன. அவற்றை வெட்டுகிற வேலைதான் இப்போது.

கீழ்வீட்டு ஆச்சி நன்றாயிருக்கிறாள். ஒன்பது மணிக்கு மேல் நான் இருமினால்கூட வாரியல் கம்பால் மச்சை இடிப்பாள். சுடலைமுத்து என்ற என் பெயர் வாயில் வராமல் ‘முத்தோ’ என்கிறாள். அவர்கள் மொழியில் அதற்கு ஊமை என்று அர்த்தமாம். பொருத்தம்தான்.

சித்தி கதையை அவளிடம் சொன்னேன். சித்தப்பா போனதிலிருந்து மூலையில் கிடப்பவள் மகுட மேளச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து ஆடுகிறாள், கோயில் கொடையன்று அவளை அறையில் பூட்டப் போகிறார்கள் என்றதும் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் கோதுமை அறுப்புக்கும் புகையிலைக் காட்டுக்கும் போன பெண்களைத் தரந்தா என்ற சிலந்தி கடித்துவிடும் என்பார்களாம். கடிபட்டவள் பிரமை பிடித்துக் கிடப்பாள். மேளம்தான் மருந்து. தரையில் வெள்ளைத் துணி விரித்து அவளைக் கிடத்தி, தம்புரெல்லோ அடிப்பார்கள். நம் மகுடம் மாதிரி வட்டச் சட்டத்தில் தோல், கஞ்சிரா மாதிரி தகடு, ஆனால் சுற்றிலும். பிடிலும் உண்டு. பக்கத்து ஊர் நார்தோவில் லூயிஜி ஸ்தீஃபானி என்று முடிவெட்டுகிறவர் ஒருவர் அதில் பெரிய கையாக இருந்தாராம். எந்த மெட்டுக்கு உடம்பு அசைகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, சில வீடுகளில் நாட்கணக்கில் வாசித்தார்களாம். கலர் ரிப்பன்களில் ஒன்றை அவளே பிடித்துக்கொள்வாள். அப்புறம் ஜூன் 29 அன்று இந்த ஊர் புனித பவுல் சிற்றாலயத்துக்கு வந்து கிணற்றுத் தண்ணீர் குடிப்பார்கள். கிணற்றை இப்போது மூடிவிட்டார்கள்.

ஆச்சியின் அத்தை பதினோரு வருஷம் வந்தாளாம். “சிலந்தியா கடித்தது? கட்டிவைத்த மாப்பிள்ளைதான் கடித்தான்” என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். 1959-இல் எர்னெஸ்தோ தெ மார்தினோ என்ற பெரிய படிப்பாளி ஒருவர் டாக்டர், இசை ஆராய்ச்சியாளர் எல்லோரையும் கூட்டி வந்து விசாரித்தார். பெரும்பாலும் விஷமில்லை, வெளியே சொல்ல வழியில்லாத துக்கம் என்கிற மாதிரிதான் அவரும் எழுதினாராம். இதைச் சொல்ல அத்தனை பேர் வர வேண்டுமா என்கிறாள் ஆச்சி.

இப்போது வைத்தியம் போய்விட்டது. அந்த மேளத்துக்கு ஆடுகிற பிட்சிக்கா ஆட்டம் மட்டும் நிற்கிறது. மெல்பிஞ்ஞானோவில் 1998 முதல் ஆகஸ்ட்டில் மேடை போட்டு ராத்திரி முழுக்க நடத்துகிறார்கள், ஜனம் லட்சத்தைத் தாண்டுமாம்.

போன 29-ஆம் தேதி ஆச்சி என்னையும் ஆலயத்துக்கு இழுத்துப் போனாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் தம்புரெல்லோ அடித்தார்கள். “முத்தோ, ஆடு” என்று கையை உலுக்கினாள். நான் ஆடவில்லை. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, நம் மாடன் கொடை நடுச்சாமத் தாளத்தைத் தரையில் தட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழேயிருந்து ஆச்சி இடிக்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்தியைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள், அவசியம். ஆனால் கொடையன்று கதவைப் பூட்டினால் நான் அண்ணனோடு பேச மாட்டேன். அவள் ஆடும்போது மதினியைப் பக்கத்தில் நிற்கச் சொல், விழுந்துவிடாமல்.

என் தலைக்கட்டு வரியை அண்ணன் இப்போதைக்குக் கட்டட்டும், ஆவணியில் அனுப்பிவிடுகிறேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது, பேங்கில்தான் ஏதோ தாமதம். தெற்கு வயல் பத்திரத்தில் நான் சொல்லாமல் கைநாட்டு வைத்துவிடாதே. கிடா வாங்கும் பொறுப்பை மறுபடி மாமாவிடம் விட வேண்டாம், போன வருஷம் கொண்டுவந்தது ஆட்டுக்குட்டி.

இப்படிக்கு,
சுடலைமுத்து