பழைய கார் கிட்டுகளைச் செப்பனிடத் தந்திருப்போருக்குக் குன்னூரிலிருந்து ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதத்திலிருந்து எங்களிடம் செப்பனிட வந்த பழைய பிளாஸ்டிக் கார் கிட்டுகளில் (பாகங்களை ஒட்டிச் சேர்த்துச் செய்யும் சிற்றுருக் கார்களில்) பாதிக்கு மேல் இன்னும் எங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. "அரைச் சாண் காருக்கு ஆறு மாதமா?" என்று தொலைபேசியில் கேட்டவர்களுக்கு, கடையில் ஆள் நிற்கும் நேரத்தில், எங்களால் இரண்டொரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி நியாயமானது. அதற்கு உரிய பதிலை நிதானமாக எழுதித் தர வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது; அதனால்தான் இம்மடல்.

இப்போது மேசையில் இருக்கும் ஒரு காரை வைத்தே சொல்கிறோம். கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மையார் பிஸ்கட் டப்பா ஒன்றில் அதைக் கொண்டுவந்தார். ஏர்பிக்ஸ் என்னும் பிரிட்டிஷ் கிட் நிறுவனம் 1:32 அளவில், அதாவது நிஜக் காரின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில், வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டு அது. நிஜக் கார் ஏறக்குறைய 3.9 மீட்டர் நீளம் என்பதால் கிட் 12 செ.மீ. அளவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி வடிவமைத்து 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் கார்தான், 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறக்கும் அந்த பானெட்டை மலைச்சாலையோரம் பார்த்த நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். அம்மையாரின் தந்தையார் நிஜ ஹெரால்டும் வைத்திருந்தார், இந்தக் கிட்டையும் தம் கையாலேயே ஒட்டினார். எங்களிடம் வந்தபோது அதன் கூரையைத் தாங்கும் முன்தூண் ஒன்று முறிந்திருந்தது, ஒரு சக்கரத்தின் வட்டமூடி காணாமற்போயிருந்தது, கண்ணாடியாக வைத்த தெளிந்த பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரோ பிற்காலத்தில் தடித்த சிவப்பு எனாமலைத் தூரிகையால் இரண்டு முறை பூசியிருந்தார்கள்.

பெயின்ட் தடிப்பது ஏன் இவ்வளவு பெரிய குறை என்று கேட்கலாம். ஒரு தாளின் கனமான 0.1 மி.மீ. அளவுக்குப் பெயின்ட் ஏறினாலும், 1:32 அளவில் அது நிஜக் காரின் மேல் 3.2 மி.மீ. கனத்துக்குச் சேறு அப்பியதற்குச் சமம். கதவின் விளிம்புக் கோடு, கைப்பிடி, கிரில்லின் கம்பிகள் எல்லாம் அதற்குள் புதைந்துபோகும். லாரிப் பட்டறையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதுபோல மேலுக்கு மேல் பூசி மறைக்க இங்கே இடமில்லை. பழையதை முழுவதுமாகக் களைந்துவிட்டே புதியதைப் பூச வேண்டும்.

களைவதில்தான் பெரும்பாலான கிட்டுகள் உயிரை விடுகின்றன. இவை பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அசிட்டோன் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். பெட்ரோல் பட்டால் உடனே கரையாது, ஆனால் மேற்பரப்பில் மயிரிழைபோல் வெடிப்புகள் ஓடும். பின்னர் ஒருநாள் தொட்ட இடத்தில் உடையும். தின்னரும் ஆகாது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் 'கொஞ்சம் துடைத்துப் பார்த்துவிட்டு' எங்களிடம் கொண்டுவந்த கிட்டுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். கதவுக் கோடு இருந்த இடம் மெழுகு உருகியதுபோல் வழுவழுவென்று ஆகியிருக்கும், அதை எவராலும் மீட்க முடியாது. நாங்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையே பயன்படுத்துகிறோம். முதலில் காரின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தடவிப் பார்த்து, பிளாஸ்டிக் தாங்குகிறது என்று உறுதியான பிறகே மூடிய பெட்டிக்குள் ஊறவைக்கிறோம். நெடுங்காலம் காய்ந்து இறுகிய எனாமல் ஒரே நாளில் இளகுவதில்லை. ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, மறுபடியும் ஊறவைக்க வேண்டும். ஹெரால்டுக்கு இந்த ஒரு வேலைக்கே ஒன்பது நாள் ஆயிற்று. சிவப்புக்கு அடியில் இளநீலம் வந்தபோது நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அப்பாவின் கார் அந்த நிறம்தான் என்றார். அடுத்து என்ன நிறம் பூசுவது என்ற கேள்வி அத்தோடு முடிந்துபோயிற்று.

அடுத்தது பிரிப்பது. பழைய டியூப் பசை காகிதத்தை ஒட்டும் பசையைப் போன்றதன்று. அதிலுள்ள கரைப்பான் இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்துவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். கிட்டத்தட்ட பற்றவைப்புதான் அது. ஆகவே 'ஒட்டியதைப் பிரியுங்கள்' என்பது பல இடங்களில் 'பற்றவைத்ததை அறுங்கள்' என்றே ஆகிறது. பசை குறைவாகப் பட்டிருந்த மூட்டுகள் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் நொறுங்கும் தன்மை அடைந்து, மெதுவாகத் திருகினால் விடுபடும். மற்றவற்றைத் தாள்போல் மெல்லிய ரம்பத்தால் கோட்டின் மேலேயே அறுத்து, அறுப்பில் போன பிளாஸ்டிக்கின் கனத்துக்கு மெல்லிய தகட்டை மீண்டும் சேர்க்க வேண்டும். கோணலாகிவிட்ட அடித்தட்டை நேராக்க வெந்நீரில் தோய்த்து, சமதளக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, எடையேற்றி ஆறவிடுகிறோம். இவ்விடத்தில் மலை நமக்கு ஓர் உதவி செய்கிறது. பாலிஸ்டைரீன் நன்றாக இளகுவது 100 பாகையை ஒட்டி. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், சமவெளியைக் காட்டிலும் இங்கே பாகத்தைக் கெடுத்துவிடும் அபாயம் சற்றுக் குறைவு. ஆனாலும் நாங்கள் கொதிநீரை நேராக ஊற்றுவதில்லை.

முறிந்த தூணை வெறும் பசையால் ஒட்டினால் அடுத்த முறை துடைக்கும்போதே விடும். இரு முனைகளிலும் கையால் சுழற்றும் சிறு துளைப்பானால் துளையிட்டு, அரை மி.மீ. பித்தளைக் கம்பியை உள்ளே செருகி ஒட்டுகிறோம். காணாமற்போன வட்டமூடிக்கு, மீதமுள்ள மூடியிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்துப் பாலியூரித்தேன் பிசினை வார்க்கிறோம். இந்தப் பிசின் ஈரத்தைக் கண்டால் நுரைக்கும். புட்டியைத் திறந்த ஒரு மழைநாளில் வார்த்த மூடிகளில் பாதி, உள்ளே குமிழி விழுந்து கடற்பஞ்சுபோல் ஆயின.

இதிலிருந்துதான் தாமதத்தின் முதற்காரணம் உங்களுக்கு விளங்கும். உதகைக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை என்றால், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிது. இடையில் மழையில்லாத நாளிலும் மதியம் மூன்று மணிக்கு மஞ்சு இறங்கிக் கடைக்குள்ளேயே வந்துவிடும். அந்தக் காற்றில் லாக்கர் என்னும் விரைவில் காயும் பெயின்டைத் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதன் மேல் ஈரம் படிந்து, பளபளக்க வேண்டிய கார் பால் வெளுப்பாகிவிடும். எனாமலோ குளிரில் காய மறுக்கும். மேலே தோல் கட்டி, உள்ளே பச்சையாகவே இருக்கும், விரல் வைத்தால் ரேகை பதியும். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நம் மலைவீடுகளில் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்களே, அதே முறையில் நாங்களும் ஒரு மரப்பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பு போட்டுக் காயவைக்கிறோம். பெட்டியின் சூடு கை பொறுக்கும் அளவைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறோம். ஆனால் பெட்டி காய வைக்குமே தவிர, தெளிக்கும்போது இருக்கும் காற்றை மாற்றாது. ஆகவே பெயின்டும் வார்ப்பும் இனி எங்கள் கடையில் தை முதல் பங்குனி வரைதான். மழை மாதங்களில் பிரித்தல், களைதல், உப்புத்தாள் தேய்த்தல் ஆகிய வேலைகள் மட்டுமே நடக்கும். இதில் விதிவிலக்குக் கேட்க வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.

கண்ணாடிப் பாகத்தைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் காரில் முன்கண்ணாடியை, அவசரத்துக்கு, நொடியில் ஒட்டும் பசையால் ஒட்டினோம். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடி முழுவதும் வெண்புகையாய்ப் படிந்துவிட்டது. மாற்றுக் கண்ணாடியைத் தகட்டிலிருந்து சூடாக்கி உருவாக்கிக் கொடுத்தோம், பணமும் வாங்கவில்லை. ஆனால் பெட்டியோடு வந்த அசல் கண்ணாடி போனது போனதுதான். அன்றிலிருந்து கண்ணாடிப் பாகங்களுக்கு மரவேலைக்காரர்களின் வெள்ளைப் பசையைத் தவிர வேறெதையும் நாங்கள் தொடுவதில்லை. ஹெரால்டின் கண்ணாடியை 1500, 2000 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, தெளிந்த அக்ரிலிக்கில் முக்கி எடுத்திருக்கிறோம். கீறல்கள் மறைந்துவிட்டன. மஞ்சள் சற்று மீதம் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஏறியது, தேய்த்துப் போகாது.

நீர் ஒட்டுத்தாள்கள் (எண்ணும் சின்னமும் அச்சிட்டு, நீரில் நனைத்துக் காரில் ஒட்டுபவை) மஞ்சளித்திருந்தால், அவற்றைச் சன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டி வைத்து வெயிலில் வெளுக்கவிடுகிறோம். குளிராக இருப்பதால் மலை வெயிலை மெத்தென்று நினைக்கிறோம். உண்மையில் உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடுகிறது. ஒட்டுத்தாளுக்கு மருந்தாகும் அதே கதிர்தான், சன்னலோர அலமாரியில் நீங்கள் காட்சிக்கு வைத்திருக்கும் வெள்ளைக் காரை மஞ்சளாக்குவதும். செப்பனிட்ட காரைத் தயவுசெய்து சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். எண் பலகைகளை மட்டும் நாங்களே அச்சிடுகிறோம். சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. அக்காலத்துக் கறுப்புப் பலகை வெள்ளை எழுத்துக்கு, வெள்ளை ஒட்டுத்தாளில் கறுப்பை மட்டும் அச்சிட்டு, எழுத்தின் இடத்தை வெறுமையாக விட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க, ஜப்பானியக் கிட்டுகள் வைத்திருப்போர் இன்றே ஒரு காரியம் செய்ய வேண்டும். ஏஎம்டி, ரெவெல், டாமியா போன்ற நிறுவனங்களின் கிட்டுகளில் ரப்பர் எனத் தோன்றும் டயர் பெரும்பாலும் வினைல். அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை உருக்கிவிடும். பிரிக்காத பெட்டியாயினும் இது நடக்கும். டயர், காரின் கூரைமேல் சாய்ந்து கிடந்து வளையமாய்க் குழி விழுந்த கிட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து டயர்களைத் தனிப் பையில் போட்டு வையுங்கள். சக்கரத்தில் மாட்டியாகிவிட்டதென்றால், கழற்ற முடிந்தால் மட்டும் கழற்றி, குழாய் வேலைக்காரர்களின் டெஃப்லான் டேப்பை இடையில் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் மாட்டலாம்.

குரோம் முலாம் பற்றி எங்கள் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். அது வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம், அடியில் ஒரு லாக்கர் பூச்சு. உரித்துவிட்டால் அதே தரத்தில் திரும்பப் போட எங்களிடம் வசதியில்லை. வெள்ளித் தகட்டுத்தாளோ குரோம் பெயின்டோ அதற்கு ஈடாகாது. பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும் பம்பரை அப்படியே விடும்படிதான் சொல்வோம்.

எதுவரை செப்பனிடுவது என்பதையும் உங்களோடு உட்கார்ந்து பேசியே முடிவு செய்ய விரும்புகிறோம். அப்பாவோ அண்ணனோ பள்ளிப் பருவத்தில் ஒட்டிய காரில் பசைத்துளியும் விரல்ரேகையும் இருந்தால், அது குறையா நினைவா என்று எங்களால் தீர்மானிக்க முடியாது. அப்படிப்பட்டவற்றை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுக் கழுவி, கழன்றதை மட்டும் ஒட்டித் தருவதே போதும் என்று பலமுறை நாங்களே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதற்குக் கூலியும் குறைவு, நாளும் குறைவு. முழுவதும் பிரித்துக் கட்டும் வேலைக்கு, பாகங்களைப் பரிசோதித்த பிறகே தொகை சொல்வோம்.

கொண்டுவரும்போது, முறிந்த துண்டு கடுகளவே இருந்தாலும் எறியாமல் கொண்டுவாருங்கள். செய்முறைத் தாள் கிழிந்திருந்தாலும் அப்படியே. நீங்களாக எதுவும் கொண்டு துடைக்க வேண்டாம். பஞ்சு வைத்துக் கட்ட வேண்டாம், கண்ணாடித் துடைப்பானிலும் கிரில்லிலும் சிக்கிக்கொள்ளும். டிஷ்யூ தாளில் சுற்றி, மூடியுள்ள உணவு டப்பாவில் அசையாதபடி வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் பேருந்தில் பைக்குள் உருண்டு வந்தே உடைந்த கார்கள் பல.

ஹெரால்டு இப்போது சாம்பல் நிற முதற்பூச்சோடு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. இளநீலத்தில் ஒரு சிறு அளவு வெள்ளை கலந்து வைத்திருக்கிறோம், ஏனெனில் இவ்வளவு சிறிய உருவில் அசல் நிறத்தை அப்படியே பூசினால் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும். மஞ்சு விலகி நான்கைந்து நாள் தொடர்ந்து வெயில் கண்டதும் அதைத்தான் முதலில் தெளிப்போம். அடுத்து வரிசையில் இருப்பவர்களுக்கு அவரவர் காரின் நிலையைத் தை முதல் வாரத்துக்குள் தொலைபேசியில் தெரிவிக்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பட்டறைப் பணியாளர்களும்
மேல் குன்னூர், மார்கழி